உம் கொட்டாத மெஷின்

செங்கல்பட்டில் பேய்க்குப் பயந்தவர்கள் உண்டு, ஆடிட்டுக்குப் பயந்தவர்கள் உண்டு. மௌனத்துக்குப் பயந்த ஒரே மனுஷர் எங்கள் ‘உம்’ சார்தான்.

பஞ்சாயத்து ஆபீஸில் வழக்குப் பிரிவு சூப்பரின்டெண்ட். கோர்ட்டுக்குப் போகும் பதில் மனுவை அவர் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் ராஜி அடிப்பாள். வாக்கியத்துக்கு வாக்கியம், கதை கேட்கிற மாதிரி, எதிரே ஒருவர் ‘உம்’ கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் மனு அங்கேயே நின்றுவிடும். ராஜிக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது பியூன் கொட்டினார். பியூன் லீவு போட்டபோது தபால்காரரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். அன்று பாதி ஊருக்குத் தபால் இல்லை.

அப்போதுதான் புது ஆணையர் வந்தார். காலையில் “எத்தனை ஃபைல் முடிச்சீங்க?” சாயங்காலமும் அதே கேள்வி. வேலைக்குப் புதிதான எனக்கோ மெஷின் என்றால் உயிர். டேப் ரிக்கார்டர் வந்தால் வேலை பறக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். அதிசயம், வந்தேவிட்டது! ‘டேப்பில் உள்ளதை அப்படியே அடிக்கவும், யோசித்து நேரத்தை வீணாக்கவேண்டாம்’ என்று ஆணையர் உத்தரவும் கூடவே வந்தது.

‘உம்’ சார் மைக்கைப் பிடித்தார். “மனுதாரர் கூறுவது உண்மையல்ல...” நிறுத்தினார். டேப் சுற்றியது. காத்திருந்தார். இன்னும் சுற்றியது.

“இன்னாய்யா, இதுக்குக் காது கீதா இல்லையா?”

“கேட்டுக்கினுதான் கீது சார்” என்றேன்.

“அப்பறம் ஏன் வாயத் தொறக்கல? திமிரு!”

அன்று பதிவானது அந்த ஒரு வரியும், மெஷினுக்கு விழுந்த திட்டும்தான்.

இந்த அழகில் மகாபலிபுரம் பக்கத்துக் குப்பத்து வழக்கு வந்தது. வலை காயவைக்கிற மணல்மேட்டைத் தன் இடம் என்று ஒரு லாட்ஜ்காரர் வேலி போட வந்தார். தடுத்த பஞ்சாயத்தின்மேல் கேஸும் போட்டுவிட்டார். திங்கட்கிழமை பதில் மனு போகாவிட்டால் வேலி நிச்சயம். சனிக்கிழமையே குப்பத்து அலமேலு அக்கா மீன்கூடையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“மனு எய்தாம நான் எந்திரிக்கமாட்டேன்.”

‘உம்’ சாரின் முகம் மலர்ந்தது. டேப்பைச் சுற்றவிட்டு மைக்கைப் பிடித்தார். “எந்திரிக்காத. உம் கொட்டு.”

அக்கா வெறும் உம் கொட்டுகிற ஆளா?

“மேற்படி இடம் மனுதாரரின் அனுபவத்தில் இருந்ததாகச் சொல்வது...”

“உம்... அய்ய! எவன் சொன்னான்? என் மாமியா காலத்துலேர்ந்து நாங்க வல காயவெக்கிற எடம்!”

“...முற்றிலும் பொய்.”

“அப்டிப் போடு நைனா!”

திங்கட்கிழமை காலையில் ராஜி, உத்தரவுப்படி, டேப்பில் இருந்ததை அப்படியே அடித்தாள். உம், அய்ய, எவன் சொன்னான், எல்லாம். ஆணையர் அப்படியே கையெழுத்துப் போட்டார். வக்கீலும் அப்படியே தாக்கல் செய்தார். வேகமென்றால் அதுதான் வேகம்!

கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் அதைப் பல்லைக் காட்டிக்கொண்டே வாசித்தார். ‘அப்டிப் போடு நைனா’வில் டவாலிகூடச் சிரித்துவிட்டார். எங்கள் வக்கீல் மேஜைக்கடியில் எதையோ தேடினார். நான் வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

முன்சீப் மட்டும் சிரிக்கவில்லை. “இதில் ‘எவன் சொன்னான்’ என்று கேட்பது ஆணையரா?”

பின்வரிசையில் அக்கா எழுந்தாள். “நான்தான் சாமி.”

சாட்சியாக அவளைக் கூப்பிட எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. முன்சீப் கூப்பிட்டார். அவள் பேசப் பேச, வழக்கை மறந்து ‘உம்’ சார் கோர்ட்டுக்கே கேட்கும்படி உம் கொட்டினார். டவாலி அதட்டியும் நிற்கவில்லை.

வேலிக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஜெயித்தது மெஷினா, மீன்கூடையா, ராஜி யோசிக்காமல் இருந்ததா? இன்னும் எனக்குக் குழப்பம்தான். ஆணையருக்குக் குழப்பமே இல்லை, இன்னொரு டேப் ரிக்கார்டருக்கு எழுதிவிட்டார்.

‘உம்’ சார் அச்சரப்பாக்கத்துக்கு மாற்றலாகிப் போனார். முதல் நாள் டேப்பை உதவாது என்று குப்பையில் போட இருந்தார்கள், நான் எடுத்துவந்துவிட்டேன். எப்போதாவது வீட்டில் ஓடவிடுவேன். “மனுதாரர் கூறுவது உண்மையல்ல...” என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறார். காத்திருக்கிறார்.

“உம்” என்கிறேன்.