கடலுக்கு நடந்து போன டவுன் பஸ்

என் முழங்கால்களைப் பழிவாங்குவதற்கென்றே பிரம்மன் ஒரு மனிதரைப் படைத்திருக்கிறான் என்றால், அது எங்கள் கண்டக்டர்தான். திருச்சி கே.கே. நகரில் எங்கள் தெருவில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகையிலேயே 'கண்டக்டர் அவர்கள்' என்று எழுதித்தான் கொடுப்போம். டவுன் பஸ்ஸில் முப்பது வருஷம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், விசிலுக்கு இல்லை. அது இன்னும் அவர் கழுத்திலேயே கிடந்தது.

முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றே கழித்தவருக்கு, ரிட்டையர் ஆனதும் நடக்க ஆசை வந்தது. வந்துவிட்டுப் போகட்டும். அவர் பாட்டுக்குத் தனியாக நடந்திருக்கலாம் இல்லையா? மாட்டார். கடலோரமாக நடக்க வேண்டும், அதுவும் தெருவில் இருக்கிற குடும்பங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு.

"காவேரித் தண்ணியக் குடிக்கிறோம், அது போய்ச் சேர்ற கடலைப் பார்க்க வேணாமா சார்? ஒரு குப்பத்துல வேன்லேர்ந்து எறங்குறோம், மணல்லயே நடக்கிறோம், தரங்கம்பாடிக் கோட்டையில முடிக்கிறோம். எட்டே கிலோமீட்டர். பச்சப்புள்ளகூட நடக்கும்."

நான் பிடிகொடுக்காமல் நின்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி மாலதி, "இவருக்குச் சுகர் இருக்குங்க. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. எங்க வீட்டுல மூணு பேர் எழுதிக்கங்க" என்றாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விடுவதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

அவர் நடத்தியது நடைப்பயணம் இல்லை, டவுன் பஸ். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். அவர் எப்போதும் வரிசையின் கடைசியில் வருவார். அது கண்டக்டர் இடம். வரிசையின் தலையில், கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவர். அவருக்கு 'டிரைவர்' என்று பெயர். டிரைவரை யாரும் முந்தக் கூடாது.

"குடும்பமா நடக்கிறதுன்னா அப்படித்தான் சார். வேகமா நடக்கிறவனை முன்னாடி விட்டா வண்டி ரெண்டா ஒடைஞ்சிடும்."

டிரைவர் தேர்தல் நடந்தது. மூட்டு வலிக்காரர்கள், கைப்பிள்ளைக்காரி என்று இருபத்து மூன்று பேர் இருந்தும் நான் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். ஒன்பது வயது மகள் பின்னாலிருந்து, "அப்பா, ஹார்ன் அடிங்கப்பா" என்றாள்.

கடற்கரைக்குப் போகுமுன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்ரீரங்கத்தில் ஒத்திகை. கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லாத நாளில் மணலில் மேலும் கீழும் நடக்கவிடுவார். ஒருநாள் திருமண் இட்ட பெரியவர் ஒருவர் கரையில் நின்று எங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "ஸ்வாமி, கோஷ்டியா எங்கே எழுந்தருள்றது? ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று பரிவோடு கேட்டார்.

"என் ஞாயித்துக்கிழமை தொலைஞ்சு போச்சு, ஸ்வாமி" என்றேன். பின்னாலிருந்து இரண்டு விசில் வந்தது.

எப்போது 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கேட்டாலும் ஒரே பதில்தான். "அரை கிலோமீட்டர் சார்." ஐந்து கிலோமீட்டர் மிச்சம் இருந்தாலும் அதேதான். 'பின்னாடி வண்டி காலியா வருது' என்று முப்பது வருஷம் கூசாமல் சொன்ன வாய் அல்லவா?

அவசரத்துக்கு என்று சாலையில் ஒரு வேன் கூடவே வரும். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. ஒருவர்கூட அந்த வேனில் ஏறாமல், கிளம்பின இருபத்து மூன்று பேரும் கோட்டை வரை நடந்து சேர வேண்டும். அதுதான் அவர் கணக்கில் முழு ட்ரிப். வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதத்தில் முயற்சி.

முதல் வருஷம் செருப்பால் கெட்டது. நாங்கள் ஆற்றுக்காரர்கள். அம்மா மண்டபம் படித்துறையில் கடைசிப் படியில் செருப்பை விட்டுவிட்டு இறங்கினால், திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கும். அந்த நம்பிக்கையில் அலைக்குப் பக்கத்திலேயே வரிசையாக நாற்பத்தாறு செருப்பையும் விட்டுவிட்டுக் கால் நனைத்தோம். துணிக்கடை வைத்திருக்கும் ரஹீம் பாய்தான் முதலில் பார்த்தார். "யா அல்லா! என் செருப்பு சிலோனுக்குப் போகுதே!" மணல் கொதித்தது. எல்லோரும் வேனில்.

இரண்டாம் வருஷம் சோற்றால் கெட்டது. திருச்சியிலிருந்து கிளம்புகிற குடும்பம் புளியோதரை இல்லாமல் எல்லை தாண்டாது. வீட்டுக்கு ஒரு தூக்கு. இரண்டாவது கிலோமீட்டரிலேயே தூக்குகள் கனத்தன. கனத்தைக் குறைக்க வழி என்ன? தின்பதுதான். சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து குறைத்தோம். கனம் எங்கேயும் போகவில்லை, கையிலிருந்து வயிற்றுக்கு மாறியது. கண்டக்டர் விசில் ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். தூங்குகிற கூட்டத்தை எழுப்ப முடியவில்லை.

மூன்றாம் வருஷம் என்னால் கெட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏழாவது கிலோமீட்டரில், கோட்டை கண்ணுக்குத் தெரியும்போது, அவசரமாக ஒதுங்குவதுபோல் புதருக்குள் போய், அந்தப் பக்கமாகச் சாலைக்கு ஏறி, வேனில் படுத்துக்கொண்டேன். டிரைவர் இல்லாத வண்டி அரைமணி நேரம் கடற்கரையில் நின்றது.

அன்று டீக்கடையில் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "டயர் வெடிச்சாக்கூட ஜனங்களை வேற வண்டியில ஏத்தி, கடைசி ஸ்டாப்புல விட்டுட்டுத்தான் சார் வீட்டுக்குப் போவேன். இந்த ஒரு ட்ரிப்பு முடியமாட்டேங்குது" என்றார். அவர் டீக்கும் நானே காசு கொடுத்தேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு, தினசரி நடைக்குக் கூப்பிடுகிற இரண்டு விசில் என் வீட்டு வாசலில் கேட்டபோது அந்த இரக்கமும் போய்விட்டது.

இந்தத் தையில் நான்காம் முறை. செருப்பு காலோடு, சோறு அளவோடு. நான் கடவுளை வேண்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். ஆறு கிலோமீட்டர் ஆயிற்று. சந்தேகம் தட்டியது. வெகுநேரமாகப் பின்னாலிருந்து விசிலே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கரையில் கவிழ்ந்து கிடந்த படகில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்ப் பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தால், முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. ஒரு மாதமாகவே வலியாம். மனிதர் மூச்சு விடவில்லை.

"நீங்கல்லாம் போங்க சார். நான் வேன்ல வந்துடறேன். கண்டக்டர் இல்லாட்டியும் வண்டி போகும்."

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "விளையாடுறீங்களா கண்டக்டரே? நாலு வருஷமா என் உசுரை வாங்கினது நீங்க வேன்ல ஏறுறதுக்கா? கோட்டை தெரியுது. எந்திரிங்க!"

"மெதுவாத்தான் வர முடியும் சார்."

"அப்ப முன்னாடி வாங்க. இன்னிக்கு நீங்கதான் டிரைவர்."

"பின்னாடி நின்னேதான் எனக்குப் பழக்கம்…"

அதற்குள் மாலதி தன் துப்பட்டாவை முழங்காலில் இறுக்கிக் கட்டிவிட்டாள். "எந்திரிங்க கண்டக்டரே, நாங்க இருக்கோம்" என்று ரஹீம் பாய் தோள் கொடுத்தார். நான் அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனேன். இரண்டு தடவை ஊதினேன்.

இருபது அடிக்கு ஒரு தடவை நின்றோம். யாரும் அவரை முந்தவில்லை. துள்ளிக்கொண்டே இருக்கும் என் மகள்கூட.

"இன்னும் எவ்வளவு சார்?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"அரை கிலோமீட்டர்!"

"பொய் சொல்றீங்க."

"நம்பிக்கை இல்லேன்னா எறங்கிக்கங்க. பின்னாடி வண்டி காலியா வருது!"

வலியோடு அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. கோட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் எங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இருபத்து மூன்று. வேன் காலி. "கடைசி ஸ்டாப். எல்லாரும் எறங்கலாம்" என்றார். ரஹீம் பாய் கடலைப் பார்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். நான் திரும்பக்கூட இல்லை, நின்று அழுதேன்.

முழங்காலுக்கு ஆபரேஷன் ஆகி, கண்டக்டர் வீட்டோடு இருக்கிறார். காலையில் விசில் இல்லை. நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தால், பாழாய்ப்போன விழிப்பு ஐந்தரைக்கே வந்துவிடுகிறது.

நேற்று பொறுக்க முடியாமல், அன்றிலிருந்து என்னிடமே இருக்கிற விசிலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்று இரண்டு தடவை ஊதினேன். உள்ளேயிருந்து வாக்கர் தரையில் தட்டும் சத்தம் வந்தது.

"இப்பத்தான் தெருமுனை வரைக்கும் நடக்கச் சொல்லியிருக்காங்க சார். லேட் ஆகும். நீங்க கெளம்புங்க."

"மெதுவா வாங்க கண்டக்டரே. வண்டி நிக்குது" என்றேன்.