ஒரு பாண்டாவுக்கு நான்கு வாரம்

கல்வியை உலகத்தோடு இணைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. இருக்க முடியாது என்று சுற்றறிக்கையிலேயே போட்டிருந்தார்கள். மினசோட்டா மாநிலம் ஸ்வான்டேல் ஊர்ப் பள்ளி நிர்வாகம் செப்டம்பரில் அனுப்பிய அந்தச் சுற்றறிக்கையின்படி, ஆசிரியப் பெருமக்கள் இனி எந்தப் பாடத்தை நடத்தினாலும் நடப்பு உலகச் செய்தி ஒன்றோடு இணைத்தே நடத்த வேண்டும். செய்தியைப் பலகையின் வலது மூலையில் எழுத வேண்டும். மேலதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் நுழைந்து, மூலையைப் பார்த்து, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள்.

இதைப் படித்துவிட்டு நிஜமாகவே சந்தோஷப்பட்டவர் ஒரே ஒருவர்தான். பொருளாதாரம் நடத்தும் வெர்னா ஹோம். இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்துகொண்டிருந்ததே அதுதான். காலையில் காபிக் குவளையோடு செய்தித்தாளும் அவரோடு வகுப்புக்கு வரும். எங்கோ ஒரு கால்வாயில் கப்பல் குறுக்கே மாட்டிக்கொண்டால் அன்றைக்கு வரத்துப் பாடம். காபி விளைகிற தேசத்தில் மழை பொய்த்தால், தேநீர்க்காரன் ஏன் சிரிக்கிறான் என்று மாற்றுப் பொருள் பாடம். பன்றிப் பண்ணைக்காரர் பிள்ளைகளும் வான்கோழித் தொழிற்சாலைக்காரர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்பார்கள்.

"இத்தனை வருஷத்துல மேலிடத்துக்கு முதல் தடவையா புத்தி வந்திருக்கு" என்று ஆசிரியர்கள் அறையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார் வெர்னா. சொல்லியிருக்கக் கூடாது.

மறுவாரமே தலைமையாசிரியர் கர்ட் ப்ரூன்ஸ் கூப்பிட்டனுப்பினார். ப்ரூன்ஸ் நல்ல மனிதர். கோபமும் வராது, முடிவும் வராது. அவர் பக்கத்தில் டாக்டர் பெய்ஸ்லி வேன் என்ற அம்மையார் உட்கார்ந்திருந்தார். தலைநகரிலிருந்து வந்த கல்வி ஆலோசகர், இந்தத் திட்டத்தைப் பெற்றெடுத்தவர். வகுப்பில் நின்று பதினைந்து வருஷமாகிவிட்டது என்பதால், பாடம் நடத்துவதைப் பற்றி அவருக்கு மிகத் தெளிவான கருத்துகள் இருந்தன.

"வெர்னா, நேத்து வகுப்புல முட்டை விலையைப் பத்திப் பேசினீங்களாமே?" என்று ஆரம்பித்தார் ப்ரூன்ஸ்.

"ஆமா. கோழிக்கு நோய், முட்டை வரத்து கம்மி, விலை ஏறிடுச்சு. நேத்துச் செய்தி. சுற்றறிக்கையில சொன்ன மாதிரியேதான்."

"அனுமதி வாங்கினீங்களா?"

"யாருகிட்ட, கோழிகிட்டயா?"

"செய்தித் தேர்வுக் குழுகிட்ட" என்றார் டாக்டர் வேன், சிரிக்காமல். "யார் மனசையும் புண்படுத்தலைன்னு குழு சான்று தந்த பிறகுதான் எந்தச் செய்தியும் வகுப்புக்குள்ள போகலாம். விலை ஏறின செய்தி பெற்றோர் மனசைப் புண்படுத்தும்."

"சரி. விலை இறங்கின செய்தி?"

"பண்ணைக்காரங்க மனசைப் புண்படுத்தும்."

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லன்னா?"

"அது செய்தியே இல்லையே, வெர்னா."

இந்த இடத்தில் ப்ரூன்ஸ் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று சொல்ல முடியாது.

"குழு எப்பக் கூடும்?"

"ஒண்ணு விட்டு ஒரு வியாழக்கிழமை."

"செய்தி எவ்வளவு பழசா இருக்கலாம்?"

"நாப்பத்தெட்டு மணி நேரம். அதைத் தாண்டினா அது நடப்பு இல்ல, வரலாறு. வரலாற்றுக்கு வேற படிவம்."

வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. அனுமதி கிடைத்த செய்தி பழசாக இருக்கும். புதுசாக இருக்கும் செய்திக்கு அனுமதி இருக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பதைத் திட்டமாகவே எழுதி, அதற்கு முகப்பு அட்டையும் போட்டு வைத்திருக்கிறார்கள். எழுந்து போகப் போனவரை ப்ரூன்ஸ் நிறுத்தினார்.

"இன்னொரு விஷயம். சராசரி மூணுக்குக் கீழ வாங்கற விருப்பப் பாடத்தையெல்லாம் ஜூனோட மூடறதா இருக்காங்க. பொருளாதாரம் விருப்பப் பாடம்தானே. பதிவு பண்ணின வீடியோ வரும். பிள்ளைங்க உணவறையில உக்காந்து பார்த்துக்குவாங்க."

"நான்?"

"நீங்க உணவறையைப் பார்த்துக்குவீங்க."

அன்று முழுக்க வெர்னா அதையே கணக்குப் போட்டுப் பார்த்தார். வேலை போகாது, சம்பளம் போகாது. வகுப்புத்தான் போகும். அதுதான் அவருக்கு எல்லாம். அதை ஒரு திரையிடம் கொடுத்துவிட்டு, சிந்திய பாலைத் துடைக்கச் சொல்லிக்கொண்டு நிற்பதா?

குழுவும் ஈவிரக்கமில்லாதது அல்ல. ஆசிரியர்களின் சிரமத்தை உணர்ந்து, யாரையும் புண்படுத்தாத நான்கு செய்திகளை ஒவ்வொரு மாதமும் தானே தேர்ந்தெடுத்து வெளியிட முன்வந்தது. அந்த நான்கும் மாதக் கடைசி வரை நடப்புச் செய்திகளாகவே நீடிக்கும் என்று அதிகாரப்பூர்வமாக அறிவித்தது. முதல் மாதப் பட்டியலில் வெளிநாட்டு மிருகக்காட்சிச் சாலையில் ஒரு பாண்டாக் குட்டி பிறந்தது. ஒரு குளிர்தேசத்தில் பாலாடைக்கட்டித் திருவிழா நடந்தது. ஒரு தீவு புதிய தபால்தலை வெளியிட்டது. யாரோ ஒருவர் உலகிலேயே நீளமான கழுத்துத்துணி பின்னினார். உலகம் பற்றி எரிந்துகொண்டிருந்த மாதம் அது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். பாண்டா எல்லோருக்கும் பிடித்துப்போனதால் பிறகு மாதாமாதம் பட்டியலில் ஒரு பாண்டாவும், கூடவே ஒரு பாலாடைக்கட்டியும் தபால்தலையும் கழுத்துத்துணியும் இருக்கும்படி குழு பார்த்துக்கொண்டது.

ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளைகள் சலித்துப்போவார்கள் அல்லவா? ஆகவே ஒரு செய்தியை ஒரு வாரத்தில் ஒரே ஆசிரியர்தான் பயன்படுத்தலாம் என்று இன்னொரு விதி வந்தது. அலுவலக எழுத்தர் மார்லிஸிடம் பெயர் எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர்கள் முப்பத்தொரு பேர். செய்திகள் நான்கு. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

கணக்கு வாத்தியார் லைல் பெக்கர் முந்திக்கொண்டு பாண்டாவை எழுதி வைத்தார். பாண்டாவின் எடையை வகுத்தார், பெருக்கினார், சதவீதம் கண்டார், ஐந்துக்கு ஐந்து வாங்கினார். மறுவாரமும் எழுதி வைத்தார். வேதியியல் ஆசிரியை ஜோலீன் போய்க் கெஞ்சினார்.

"பாண்டாவைத் தர்றேன்" என்றார் பெக்கர். "எனக்குப் பதிலா ரெண்டு வாரம் பஸ் வேலை பாரு."

பஸ் வேலை என்பது, பள்ளி விட்டதும் மஞ்சள் பேருந்துகள் பக்கத்தில் நின்று கடைசிப் பிள்ளை ஏறும் வரை காவல் காப்பது. செப்டம்பரில் அது காற்றாட நிற்பது. ஜனவரியில் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பது. ஆக, ஸ்வான்டேலில் பஸ் வேலையே செலாவணி ஆகிவிட்டது. டிசம்பரில் பாண்டா இரண்டு வாரத்துக்குப் போனது. பாலாடைக்கட்டி ஒன்றரை. தபால்தலை மூன்று நாள். கழுத்துத்துணியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

இதில் நிஜமான வியாபாரி உடற்பயிற்சி ஆசிரியர் டென்னி ஸ்ட்ராண்ட்தான். ஊரே அவரைக் கோச் என்றுதான் கூப்பிடும். மார்லிஸ் மேசையில் எலுமிச்சை கேக் ஒரு தட்டு வைத்துவிட்டு, மே மாதம் வரை எல்லா வாரத்துக்கும் ஏதாவது ஒரு செய்தியைத் தன் பெயரில் எழுதி வைத்துவிட்டார்.

"கோச், கயிறு ஏறறதுக்கு உங்களுக்குச் செய்தி எதுக்கு?" என்று கேட்டார் வெர்னா.

"எனக்கு எதுக்கு? உங்களுக்குத்தான். மார்ச் மாசப் பாண்டா ஒண்ணு கையில இருக்கு. வேணுமா?"

"மார்ச்சுல எந்தப் பாண்டா, என்ன பண்ணப் போகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"அது என்ன பண்ணினா என்னங்க? அனுமதி இருக்கும்ல. யோசிக்காதீங்க, போன வாரம் மூணு வாரத்துக்குக் கேட்டாங்க, நான் தரலை."

வெர்னா வாங்கவில்லை. செய்தியை விலைக்கு வாங்கிப் பாடம் நடத்துகிற அளவுக்கு நான் இறங்கவில்லை என்று சொல்லிவிட்டார். பலகையின் மூலை காலியாகவே கிடந்தது. மதிப்பெண் ஒன்று, ஒன்று, அப்புறம் அரை.

ஜனவரி நடுவில் ஒரு நாள், 'பற்றாக்குறை' என்று பலகையில் எழுதிவிட்டு வெர்னா திரும்பினார். முதல் வரிசையில் ஹோதன் வர்சாமே கை தூக்கினாள். வான்கோழித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சோமாலியக் குடும்பத்துப் பெண். வாய் அதிகம், மூளை அதைவிட அதிகம்.

"மிஸ், பாண்டா நாலு வாரமாமே? டிசம்பர்ல ரெண்டுதானே இருந்துச்சு?"

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஜோலீன் மிஸ் தினமும் பஸ் பக்கத்துல வெறச்சுப் போய் நிக்கறாங்க. பெக்கர் சார் கார்ல ஹீட்டர் போட்டுக்கிட்டு கையாட்டிட்டுப் போறாரு."

வகுப்பு சிரித்தது. வெர்னாவும் சிரித்தார். பிறகு ஏதோ தோன்றி, பேனாவை ஹோதன் கையில் கொடுத்தார்.

அடுத்த நாற்பது நிமிஷம் நடந்தது மாதிரி ஒரு பாடம் அந்தப் பள்ளியில் அதற்கு முன் நடந்ததில்லை. பிள்ளைகள் வரத்துக் கோட்டை வரைந்தார்கள், கிராக்கிக் கோட்டை வரைந்தார்கள். குளிர் ஏற ஏற ஒரு வாரப் பஸ் வேலையின் மதிப்பே மாறுகிறதே என்று கண்டுபிடித்தார்கள். பதுக்கல் என்றால் யார் என்று பெயரோடு சொன்னார்கள்.

"கழுத்துத்துணியும் ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு? அதுக்கு ஏன் மிஸ் விலை இல்ல?" என்று ஒரு பையன் கேட்க, "எவனுக்கும் வேணாமேடா" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. புத்தகத்தில் அதை விளக்க இரண்டரைப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கதவு திறந்தது. ப்ரூன்ஸ், பின்னால் கையில் பலகைக் கணினியோடு டாக்டர் வேன். பலகை முழுக்கப் பாண்டாவின் விலை நிலவரம். டாக்டர் வேன் வலது மூலையை மட்டும் பார்த்தார்.

"உலகச் செய்தி எங்க?"

"இதோ, நடந்துக்கிட்டிருக்கே" என்றார் வெர்னா.

"இது உலகச் செய்தி இல்ல. பக்கத்து அறைச் செய்தி." பூஜ்யம் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் மிகச் சிறந்த பாடத்துக்குப் பூஜ்யம். இனி மீதி மாதமெல்லாம் ஐந்து வாங்கினாலும் சராசரி மூன்றைத் தொடாது. அழுகை வந்தது, பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று காபியைக் குடித்தார்.

ஆனால் ஹோதன் பலகையைப் படம் எடுத்திருந்தாள். படம் உள்ளூர் வாரப் பத்திரிகைக்குப் போனது. அங்கிருந்து பெருநகர நாளிதழுக்குப் போனது. அங்கிருந்து எப்படியோ நார்வே வானொலிக்குப் போய், அவர்கள் ஆறு நிமிஷம் விடாமல் சிரித்தார்கள். பக்கத்து அறைச் செய்தி உலகச் செய்தி ஆகிவிட்டது.

மறுநாள் காலை டாக்டர் வேன் ஓடி வந்து வெர்னாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். பூஜ்யம் ஐந்தாகியிருந்தது. முந்தைய அரைகளும் ஒன்றுகளும்கூடப் பின்தேதியிட்டு ஐந்தாகியிருந்தன.

"உயிருள்ள ஆய்வுக்கூடம்" என்றார். "திட்டத்தை ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான் வடிவமைச்சோம். இந்த வகுப்பை மூடறதா? மாநிலம் முழுக்கக் கூட்டிட்டு வந்து காட்டப் போறோம்."

பொருளாதாரத்துக்கு அடுத்த வருஷம் இன்னொரு பிரிவும் கிடைத்தது. வெர்னா வீட்டுக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்தி, சந்தோஷம் தாங்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வெட்கப்பட்டது பள்ளி வாரியம் மட்டும்தான். வாரியத் தலைவர் சிரில் ஓஸ்ட்மன் பன்றிப் பண்ணைக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். எல்லா ஆசிரியர்களையும் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டினார்.

"நார்வேயில இருந்து என் சித்தி பொண்ணு போன் பண்ணிச் சிரிக்கிறா" என்றார். "போதும். குழு வேணாம், பட்டியல் வேணாம், படிவமும் வேணாம். காலையில பேப்பரைப் படிச்சுட்டு வந்து அவங்கவங்களுக்குத் தோணினதை நடத்துங்க. சம்மதம்னா கை தூக்குங்க, இப்பவே ரத்து பண்ணிடறேன்."

ஒரு கையும் எழவில்லை. கோச்சிடம் மே வரை சரக்கு இருந்தது. பெக்கருக்கு வசந்தம் வரை பஸ் வேலை இல்லை. குறிப்பெடுக்க வந்திருந்த மார்லிஸ் கேக்கை நினைத்தார். ஜோலீனாவது தூக்குவார் என்றால், அவர் பக்கத்து ஆசிரியையிடம் முணுமுணுத்தார்: "ஏப்ரல் பாண்டாவுக்கு முன்கூட்டியே நாலு வாரம் நின்னு முடிச்சிருக்கேன். இப்ப ரத்து பண்ணினா நான் பட்ட குளிருக்கு யாரு பதில் சொல்றது?"

வெர்னாவின் கை பாதி மேலே போனது. பின்னாலிருந்து ப்ரூன்ஸ் குனிந்தார்.

"பற்றாக்குறை போயிட்டா ஆய்வுக்கூடமும் போயிடும், வெர்னா. அந்த அஞ்செல்லாம் பழையபடி ஒண்ணும் அரையுமா ஆயிடும். அப்புறம் வீடியோதான்."

கை தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கியது.

"ஒருத்தர்கூட இல்லையா?" ஓஸ்ட்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "சரி, இப்படியே இருக்கட்டும்னு சொல்றவங்க?"

முப்பத்தொரு கைகள் உயர்ந்தன. வெர்னாவின் கை கடைசியாகத்தான் உயர்ந்தது, ஆனால் முழுசாக உயர்ந்தது. கூட்டம் கலைவதற்குள் கோச் எழுந்து, தரத்தைக் காக்கும்பொருட்டு மாதம் நான்கு செய்தி என்பதை மூன்றாகக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார். அதுவும் ஏகமனதாக நிறைவேறியது.

திங்கட்கிழமை வகுப்பில் புதிய அத்தியாயம். வெர்னா பலகையில் எழுதினார்: 'சரக்கு வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, வரத்தைக் குறைத்து, விலையை ஏற்றிக்கொள்வது.' மாநிலத் தலைநகரிலிருந்து வந்த ஆறு பார்வையாளர்கள் பின்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹோதன் கை தூக்கினாள்.

"மிஸ், இதுக்கு நடப்புச் செய்தி ஒண்ணு சொல்லுங்க."

வகுப்பு முழுவதும் வெர்னாவையே பார்த்தது. சனிக்கிழமைப் பத்திரிகையில் ஓட்டு விவரம் வந்திருந்தது. அந்தப் பத்திரிகை ஹோதனின் மேசை மேலேயே மடித்துக் கிடந்தது.

"இதுக்கு அனுமதி கிடைச்ச செய்தி எதுவும் இல்ல" என்றார் வெர்னா. "அடுத்த பக்கத்தைத் திருப்புங்க."