நூற்று எழுபத்தைந்து சதவீதம்

கண்ணாடி போடுவதில்லை என்று நான் சபதம் எடுத்தபோது எனக்கு வயது நாற்பத்தேழு. அதற்கு முன்னால் அப்படியொரு சபதம் தேவைப்படவில்லை.

தேர்வாய் கண்டிகையில் பிளாஸ்டிக் டிரம் செய்கிற கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். போன மாதம் புது லேப்டாப் கொடுத்தார்கள். ஆள் ஒல்லி. எழுத்தும் ஒல்லி. ஐகான்கள் கடுகு மாதிரி கிடந்தன. எழுத்துகள் ரவை. முப்பது டிரம் கேட்ட பார்ட்டிக்கு எண்பது டிரம் ஏற்றி அனுப்பினேன். பார்ட்டி சந்தோஷப்பட்டார். மேனேஜர் படவில்லை.

கண் டாக்டரைப் பாருங்கள் என்றாள் என் மனைவி சுமலதா. சொல்வது சுலபம். அவள் தம்பி ஹேமநாத் கண்ணாடி போட்ட நாளிலிருந்து அவனை 'தலைமையாசிரியர்' என்று கூப்பிட்டுச் சிரித்தவன் நான். அவன் முன்னால் கண்ணாடியோடு நிற்பதைவிட அந்த எண்பது டிரம்மையும் தலையில் சுமந்து திரும்பக் கொண்டுவருவேன்.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற அன்புவுக்கு ரகசியமாகப் போன் போட்டேன். திரையில் காலி இடத்தில் ரைட் கிளிக் பண்ணுங்கள், டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்கள், ஸ்கேல் என்று ஒன்று இருக்கும், அதைக் கூட்டுங்கள் என்றான். ஸ்கேல் என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடிதான் ஞாபகம். பயந்துகொண்டே நூற்று இருபத்தைந்து வைத்தேன். போதவில்லை. நூற்றைம்பது. தேவலை. நூற்று எழுபத்தைந்து வைத்ததும் உலகம் தெளிந்தது. ஐகான்கள் இட்லியாக உப்பின. எழுத்துகள் ஜி.என்.டி. ரோட்டு போர்டு மாதிரி எழுந்து நின்றன.

அன்று சாயங்காலமே சுமலதாவிடம் அறிவித்தேன். பார்வை தானாகத் திரும்பிவிட்டது, எங்கள் வம்சத்துக் கண் அப்படி என்று சொல்லி, கூடத்து மேஜையில் உட்கார்ந்து ஒரு மெயிலைச் சத்தமாகப் படித்தும் காட்டினேன். அடுப்பாண்டை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாத் தெரியுதே," என்றாள்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டையில் ஹேமநாத் வீட்டுக் கிரகப்பிரவேசம். எனக்கு அந்த வீட்டை ஏற்கெனவே நான்கு முறை சுற்றிக் காட்டிவிட்டான். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடிக் காட்டுவான். தண்ணீர் வந்தால் நாம் ஆச்சரியப்பட வேண்டும். ஐந்தாவது முறை ஆச்சரியப்பட என்னிடம் சரக்கு இல்லை.

கூட வேலை செய்கிற தேசப்பனுக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. அவன் அப்பா ஏரியில் நண்டு பிடிக்கிறவர். போன் எழுத்து இன்னும் ரவையாகவே இருந்ததால், வாட்ஸ்அப்பை லேப்டாப்பில் திறந்து அவனுக்கு என் திட்டத்தை எழுதினேன். சனிக்கிழமை காலையில் நீ எனக்குப் போன் பண்ண வேண்டும். ஞாயிறு அவசர லோடு, பூவராகவன் இல்லாமல் முடியாது என்று என் மனைவி காதில் விழுகிற மாதிரி கத்த வேண்டும். ஞாயிறு பகல் உங்கள் ஊரில் நண்டுக் குழம்பு. தேசப்பன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அதுவும் ஸ்கேல் உபயத்தில் முருங்கைக்காய் நீளத்துக்கு இருந்தது.

சனிக்கிழமை அவன் கத்தினான். நான் முகத்தைத் தொங்கப் போட்டேன். சுமலதா கோபப்படவே இல்லை. வேலைதான் முக்கியம், தம்பிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்து வாசல் வரை வந்து அனுப்பினாள். இப்படி ஒரு பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று கவரைப்பேட்டை தாண்டும்வரை எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

பொன்னேரியில் மேனேஜர் போன் வந்தது. எங்கே இருக்கிறீர்கள், எட்டு மணிக்கே வருகிறேன் என்று மெயில் போட்டீர்களே, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன் என்றார். ஞாயிறு ஸ்டாக் சரிபார்க்க யார் வருகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் மெயில் போட்டிருந்தார். அதற்கு ஒரே ஒரு ஆள் வருகிறேன் என்று பதில் எழுதியிருந்தான். அந்த ஆள் நான்.

வண்டியைத் திருப்பினேன். மத்தியானம், அறுநூறாவது டிரம்மில் சாய்ந்து தயிர்சாதம் சாப்பிட்டபோது போனில் ஒரு போட்டோ வந்தது. ஆர்.கே.பேட்டை வீடு. ஹேமநாத் குழாயைத் திறந்து காட்டுகிறான். பக்கத்தில் தேசப்பன் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறான். சுமலதா அவன் சம்சாரத்துக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா அவனையும் அவன் காரையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் சுமலதா வந்ததும், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்க அங்க ஒரு எழுத்து தட்டினா அடுப்பாண்ட வரைக்கும் தெரியுது. கண்ணை மூடிக்கினா சமைக்க முடியும்?"

"அந்த மெயிலு?"

"நீங்க குளிக்கப் போனப்ப நான்தான் போட்டேன். லோடு பொய்யின்னா எனக்கு மனசு கேக்கல. அதான் டூட்டிய நெஜமாக்கினேன்."

சுமலதா பி.காம். கல்யாணத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆபீசில் லெட்டர் எழுதிக்கொண்டிருந்தவள். உனக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று பெருந்தன்மையோடு வேலையை விடச் சொன்னவன் நான். இருபது வருஷமாக அவள் அலையவில்லை. சமைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். அந்த மெயில் இங்கிலீஷ் பிரமாதம், இத்தனை வருஷமாக எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அடுப்பங்கரையில் என்று சொல்லாமல் தலையைச் சொறிந்தேன். உட்காரச் சொன்னார்.

"டெஸ்பாட்ச் பில்லு எல்லாத்தையும் இனிமே ஒருத்தர் செக் பண்ணிதான் அனுப்பணும். ஆள் வேணும்னு வெள்ளிக்கிழமை நான் போட்ட மெயில்லயே கீழ எழுதியிருந்தேனே, பாக்கலையா?"

பார்க்கவில்லை. நூற்று எழுபத்தைந்தில் முதல் பத்தி மட்டும்தான் திரையில் நிற்கும். அதற்குக் கீழே நான் போகவில்லை.

"ஆள் கெடைச்சாச்சு. போன்ல பேசினேன், நல்ல வெவரம். நாளையிலருந்து வராங்க, அவங்க கையெழுத்து இல்லாம உங்க லோடு எதுவும் கேட்டைத் தாண்டாது. உங்க ஊரு ஆரம்பாக்கம்தானாம், சுமலதான்னு பேரு. உங்களுக்குத் தெரியுமா?"