நான்கு இறக்கைக் கருடன்

கருடாழ்வாரை நேருக்கு நேர் தரிசித்துவிட்டதாக நம்பியவன் நான். அவருக்கு நான்கு இறக்கை, வயிற்றில் பச்சை விளக்கு. (அருள் ஒளி என்று எடுத்துக்கொண்டேன்.)

புக்கிட் பெலிம்பிங் பக்கம் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். தேவலோகத்திலிருந்து அமுதக் குடத்தையே தூக்கி வந்தவர் கருடன். கலசத்துக்கு அவர்தான் காவல். அவர் வந்து வட்டமிடாமல் நீர் ஊற்றமாட்டார்கள். கோலா சிலாங்கூர் ஆற்றில் படகுக்காரர்கள் வீசும் கோழித்தோலுக்குத் தினமும் கூட்டமாக வருகிற பருந்துகள், அன்று பார்த்து ஒன்றுகூட எட்டிப்பார்க்கவில்லை. சாரத்தின் உச்சியில் நின்று வானத்தைப் பார்க்கும் வேலை எனக்கு. உயரம் என்றால் எனக்கு உதறல். கொடுத்தவர்களுக்கும் அது தெரியும்.

கீழே சக்கர நாற்காலியில் அப்பா. எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டு, சிறுநீரகத்துக்கு வந்திருந்தது. மதியம் டயாலிசிஸ். முந்தைய முறை தவறவிட்டதற்கே நெஞ்சில் நீர் கோத்துவிட்டது.

"தம்பி, அப்பாவுக்கு மூச்சு வாங்குது லா! கெளம்பணும்!" அக்கா கத்தினாள்.

"கருடன் வராம நான் நவுர மாட்டேன்," என்றார் அப்பா. "காவல் இல்லாத கோயிலு நிக்காது."

அவர் உதடு நீலம் பாய்வது மேலிருந்தே தெரிந்தது. அப்போதுதான் செம்பனைகளுக்கு மேலே கறுப்பாக ஒன்று எழுந்தது. கண்ணுக்குள் வெயில்.

"கருடன்! கருடன்!"

"ஓம் சக்தி! பராசக்தி!" கூட்டம் அலற, குருக்கள் ஊற்றிவிட்டார். (ஊற்றியதைத் திரும்ப அள்ள முடியாது.) கருடன் கோபுரத்தை மூன்று சுற்றுச் சுற்றி, என் முகத்துக்கு நேரே வந்து நின்று, 'ங்ங்ங்' என்றார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே! அது ட்ரோன்ணே! கிட்ட போவாதீங்க, வெரலு போயிடும்!" என்று அலறினார் புஞ்சாக் ஆலாமிலிருந்து வந்திருந்த வீடியோக்காரர்.

அது அப்பா காதில் விழுமுன் அக்கா மேளக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கெட்டிமேளம் வெடித்தது. பிறகு என்னைப் பார்த்தாள். "எறங்குடா, எரும."

காரில் அப்பா கேட்டார்: "எத்தன சுத்துடா?"

"மூணுப்பா."

"பெருசா?"

"சத்தமே பெருசுப்பா."

அக்கா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை சொல்லவில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு என் மானத்தை வாங்குகிறார்கள். நானும் சிரிப்பேன், கீழே அப்பா கைகூப்பும் இடம் வரும்வரை.

டயாலிசிஸுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். இயந்திரத்தில் இணைத்த சற்று நேரத்தில் அப்பாவின் இதயம் நின்றுவிட்டது.