முயல்கள் காப்பாற்றப்பட்ட ஞாயிறு

உலக முயல்களின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லிமலையில், எங்கள் ஊரான பைல் நாட்டின் சமுதாயக் கூடத்து வாசலில் நடந்தேறியது. முயல்களுக்கு இது இன்னும் தெரிவிக்கப்படவில்லை. அந்தக் கடமையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்றுதான் 'தளிர்முகம்' என்ற இயற்கை ஒப்பனை நிறுவனம் எங்கள் மலைக்கு எழுந்தருளியது. பூமியின் மீது அவர்களுக்கு இருந்த பாசம் மூன்று கார்களில் வந்தது. பின்னால் ஒரு வேனில் ஜெனரேட்டர் வந்தது. பிளக்ஸ் பேனர் சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பதால் துணிப் பேனர் கொண்டுவந்திருந்தார்கள். துணி பனியில் நனைந்துவிடக் கூடாதே என்று அதன் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியிருந்தார்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று வந்ததில் குழுவினர் சிலர் சாலையோரம் வாந்தி எடுத்தார்கள். கலப்படமில்லாமல் அவர்கள் எங்கள் மண்ணுக்குக் கொடுத்த இயற்கைப் பொருள் அது ஒன்றுதான்.

குழுவின் தலைவர் சுதாகர். பதவி 'பசுமைப் பொறுப்பாளர்'. அவருடன் வந்த பானுமதி மேடம் 'முக ஆலோசகர்'. முகத்துக்கு ஆலோசனை தேவைப்படும் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு இருந்துகொண்டிருந்தது.

சுதாகர் மைக்கைப் பிடித்தார்.

"எங்க பொருள் எதையும் நாங்க மிருகங்க மேல சோதிக்கிறதே இல்லை. முயல், எலி, குரங்கு, ஒண்ணையும் தொட மாட்டோம். எங்க உயிர் மூச்சே அதுதான்!"

கூட்டம் கைதட்டியது. நான் எழுந்து, "அப்ப எது மேலதானுங்க சோதிப்பீங்க?" என்று கேட்டேன்.

சுதாகரின் முகம் மலர்ந்தது. "மேடம், உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்! பேரு?"

"ஆர்த்திங்க."

"ஆர்த்தி, விளம்பரத்துக்கு நம்பாத ஆள் ஒருத்தர் வேணும். காலையில நீங்க நல்லாச் சந்தேகப்படுங்க. மூணு மணிக்கு நம்பிடுங்க."

"மூணு மணிக்கு நம்பிக்கை வரலீன்னா?"

"வந்துடணும். அப்புறம் வெளிச்சம் போயிடும்."

நான் படிக்கும் தடித்தடி மொழிபெயர்ப்பு நாவல்களில் ஒருவருக்கு நம்பிக்கை வருவதற்குள் இரண்டு பனிக்காலம் போய்விடும். தளிர்முகம் அதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று சுருக்கியிருந்தது. இப்படியாக நான் 'அதிகாரபூர்வ அவநம்பிக்கையாளர்' ஆனேன்.

பூசிக்கொள்ளும் முகமாக என் சித்தப்பா மகள் ராஜேஸ்வரி அக்கா தேர்வானாள். அக்காவுக்கு வேலை மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம், ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கிழங்கின் மாவு பறக்கும் இடம். தினமும் சாயங்காலம் தலை முதல் கால்வரை வெள்ளையாக வந்து, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் மனுசியாவாள். பானுமதி மேடம் 'மரவள்ளி முகப்பூச்சு' டப்பாவைத் திறந்ததும் அக்கா பழக்கதோஷத்தில் தும்மினாள்.

"ஏனுங்க மேடம், இது எங்க மில்லு மாவாட்டமே இருக்குதுங்களே?"

"இது மாவு இல்லம்மா. இது ஒரு அனுபவம்."

"அப்ப இத்தன வருசமா நான் அனுபவத்தையா சோப்புப் போட்டுக் கழுவிட்டிருக்கறேன்?"

இருந்தாலும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காரணம் உண்டு. ஆதார் அட்டைக்கும் மில் வாசல் மெசினுக்கும் தவிர அவளை அதுவரை யாரும் படம் எடுக்கக் கூப்பிட்டதில்லை. அந்த மெசின் லேசுப்பட்டதல்ல. முகத்தைக் காட்டினால் 'வணக்கம் ராஜேஸ்வரி' என்று சொல்லிக் கதவைத் திறக்கும். தொடர்ந்து மூன்று நாள் அது முகம் பார்க்காவிட்டால் பெயரைத் தானாகவே நீக்கிவிடும். பெயர் போனால் வேலையும் போயிற்று. "தெனமும் எனக்கு வணக்கம் சொல்றது அது ஒண்ணுதான் கண்ணு" என்று அக்கா பெருமைப்படுவாள்.

கடைசியாக வந்தது 'வனமை'. புருவத்துக்கும் இமைக்கும் கன்னத்து மச்சத்துக்கும் ஒரே மை. எங்கள் காட்டிலேயே பொறுக்கிய ஏதோ கொட்டையின் பாலிலிருந்து சுதாகர் தன் கையாலேயே தயாரித்தது. கையால் என்றால், முழங்கை வரை ரப்பர் உறை போட்ட கையால்.

"ஏனுங்க, இயற்கைன்னா அப்பறம் கையுறை எதுக்குங்க?" என்றேன்.

சுதாகர் கடிகாரத்தைக் காட்டினார். "மேடம், உங்க சந்தேக நேரம் முடிஞ்சிருச்சு. மணி மூணேகால்."

கேள்வி கேட்கத் திறந்த என் வாயைக் கேமராக்காரர் பிடித்துக்கொண்டார். ஒலியை எடுத்துவிட்டால் அது வியப்பாம். அதற்குள் பானுமதி மேடம் அக்காவுக்கு மையைத் தீட்டி முடித்திருந்தார்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு அத்தாயியின் வெள்ளாடு வந்து வனமை டப்பியை முகர்ந்தது. சுதாகர் அலறிக்கொண்டு பாய்ந்தார். மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்து ஆட்டின் வாயைக் கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார். "ஆட்டுக்கு ஒண்ணுன்னா எங்க சான்றிதழே போயிடும்!" அந்தக் கனிவைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது மையைத் தொடவே இல்லை. மிருகங்களுக்கு அவ்வளவுதான் அறிவு.

மறுநாள் காலை அக்காவின் முகம் இருந்த இடத்தில் ஒரு பலாப்பழம் இருந்தது. கண் இரண்டும் கோடு. எட்டிப் பார்த்த அத்தாயி நெஞ்சில் கை வைத்தாள்.

"அட சாமி! சேங்கொட்டைப் பாலையா மூஞ்சிக்குப் பூசுனாங்க? தோலை வேக வெச்சிருமே! அந்த மரத்தடியில நாங்க ஆட்டைக்கூடக் கட்ட மாட்டமே!"

சுதாகருக்குப் போன் போட்டேன்.

"ஆடு நல்லா இருக்கா?" என்றார் எடுத்தவுடன்.

"ஆடு நல்லா இருக்குதுங்க. எங்கக்காவுக்குத்தான் மூஞ்சி..."

"ஆட்டுக்கு வீக்கம் ஏதாவது?"

"இல்லீங்க, அக்காவுக்கு..."

"மேடம், ஆட்டை மட்டும் சொல்லுங்க. பதற்றத்துல எல்லாத்தையும் கலக்காதீங்க."

அன்று மதியமே நிறுவனத்தின் காரில் மருத்துவர் வந்து இறங்கினார். கால்நடை மருத்துவர். ஆட்டின் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நாடி பிடித்தார், தடவிக்கொடுத்தார். ஆட்டுக்குப் பின்னால் அக்கா வரிசையில் நின்றாள்.

"அம்மா, உனக்கு நான் வைத்தியம் பாக்கக் கூடாதும்மா" என்றார் அவர் வருத்தத்துடன்.

"நானும் ஆடுன்னு எழுதிக்கங்க சார். கத்திக்கூடக் காட்டறேன்" என்றாள் அக்கா.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பத்து நாளில் வற்றிவிடும் என்றார்கள். மெசினுக்குப் பத்து நாள் பொறுமை கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே அக்காவைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கு மலை இறங்கினேன். மெசின் அவளை மேலும் கீழும் பார்த்து, 'பதிவில் இல்லாத நபர்' என்றது.

சூப்பர்வைசர் அருள்ராஜ் ஓடி வந்தார். "என்ன ராஜேஸ்வரி, மூஞ்சி இப்பிடிக் கெடக்குது?"

"அண்ணா, உங்களுக்கு என்னை அடையாளம் தெரியுதல்ல? கதவைத் தொறந்து உடுங்க."

"எனக்குத் தெரியுது கண்ணு. மெசினுக்குத் தெரியோணுமே."

புதன்கிழமை மூன்றாம் நாள். அருள்ராஜ் நல்லவர். இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அந்த வீங்கிய முகத்தையே மெசினில் புதிதாகப் பதிந்தார். பழைய முகத்தை மெசின் அழித்தது. 'வணக்கம் ராஜேஸ்வரி' என்றது. கதவு திறந்தது. அக்கா கோடு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பாத்துக்க சாமி, இதுதான் கடைசி" என்றார் அருள்ராஜ். "இன்னொருக்கா மூஞ்சி மாத்துனா மேலாபீசுல போலின்னு தூக்கிருவாங்க."

சனிக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது அக்கா கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஆர்த்தி, வத்தற மாதிரி இருக்குதா?"

"ஆமாக்கா! பாதிக்குப் பாதி வத்திருச்சு! பழைய மூஞ்சி வந்துருச்சுக்கா!" என்று துள்ளினேன்.

அக்கா துள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே மிளகுக் கொடி ஏறிய மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் நெருங்கும்போது சொன்னாள்:

"அந்த சுதாகர் சாருக்குப் போன் போடு. அந்த மை இன்னொரு டப்பி கெடைக்குமான்னு கேளு."

கேட்டேன். ஆட்டின் நலத்தை விசாரித்துவிட்டு, சுதாகர் உணர்ச்சிவசப்பட்டார். அன்பளிப்பாகவே அனுப்பிவைத்தார்.

இப்போது செம்மேடு பஸ் ஸ்டாண்டில் பெரிய துணிப் பேனர் தொங்குகிறது. ஒரு பக்கம் வாய் பிளந்த நான்: 'சந்தேகப்பட்டார், வியந்தார்.' மறு பக்கம் வீங்காத அந்த ஞாயிற்றுக்கிழமை முகத்தோடு அக்கா: 'ஒருமுறை பூசினார். மறுபடியும் கேட்டு வாங்கினார்!' அடியில் பச்சை எழுத்தில்: 'எந்த விலங்கின் மீதும் சோதிக்கப்படவில்லை.'

ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். நானே சாட்சி.

ஆகவே, உலக முயல்களே, இனி நீங்கள் நிம்மதியாகப் புல் மேயலாம். ஞாயிறு சாயங்காலம் அக்கா டப்பியைத் திறக்கிறாள். திங்கட்கிழமை காலை மெசின் கதவைத் திறக்கிறது. உங்கள் வேலையை எங்கள் அக்கா பார்த்துக்கொள்கிறாள்.