சர்வீஸ் பயில்வான்

டென்னிஸ் மைதானம் இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு சர்வீஸ் பயில்வானும் இருப்பார். ஆடுகிறவர்கள் நடுவே அவரைத் தேடாதீர்கள், அங்கே இருக்கமாட்டார். சர்வீஸுக்கு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் அந்த முதல் அடிக்கு, பலம் சேர்க்கிறேன் என்று வேலிக் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, அடம்பிடிக்கும் கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான்.

தப்பித்தவறி "என்ன சார், கைவலியா?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் தீர்ந்தது.

"கையா? சர்வீஸுல கைக்கு வேலையே இல்ல சார்! பலம் பாதத்துல புறப்பட்டு, முட்டி வழியா ஏறி, இடுப்புல திரும்பி, தோளுக்கு வந்து சேரணும்" என்று ரயில் நிற்கும் ஊர்களை ஒப்பிப்பதுபோல் ஒப்பித்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் உங்களையும் இறக்கிக் காட்டுவார்.

எங்கள் மன்றத்துப் பயில்வான் ஒரு காப்பீட்டு நிறுவன மேலாளர். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பார். தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார். கனமான பந்தை எறிந்து எறிந்து கூடத்துச் சுவரில் காரையை உதிர்த்து, பட்டை கட்டிய கதவின் கைப்பிடியைக் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்து, கட்டில்மேல் நின்று ஈரத்துண்டைச் சுழற்றி மின்விசிறியின் இறக்கையையும் வளைத்துவிட்டார். ஒன்று மட்டும் செய்யமாட்டார். பந்தை அடிக்கமாட்டார்.

"பலம் வர்றதுக்கு முன்னாடி அடிச்சா தப்பான பழக்கம் உடம்புல ஊறிடும். பந்து கடைசிப் பாடம்" என்பது அவர் கொள்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆபத்தே அதுதான்.

அவர் மனைவி பல் மருத்துவர். கிளினிக்கை மூடிவிட்டு ஓடிவந்து ஆடுகிறவர், நன்றாகவே ஆடுவார். ஆண்டுதோறும் நடக்கும் கலப்பு இரட்டையர் போட்டியில் கணவரோடு சேர்ந்து ஆண்டுதோறும் முதல் சுற்றிலேயே தோற்பவர். கோப்பையெல்லாம் அவர் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை இரண்டாம் சுற்றுக்குப் போனால் போதும் என்பது அந்த அம்மாளின் ஆசை.

"ஏங்க, ஒருநாளாவது வந்து நாலு பந்து போட்டுப் பாருங்களேன்."

"அவசரப்படாதம்மா. தோள் வந்துடுச்சு. இடுப்புதான் பாக்கி."

போட்டி நாளும் வந்தது. நடுவர் நாற்காலியில் என்னை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். பயில்வான் சர்வீஸில் கொட்டிய புள்ளிகளையெல்லாம் அந்த அம்மாள் ஓடி ஓடி அள்ளிச் சேர்த்ததில், எடுத்தவர்களுக்கே வெற்றி என்கிற கடைசிப் புள்ளி வந்து நின்றது. சர்வீஸ் யாருடையது? வேறு யாருடையது!

முட்டி மடங்கியது, இடுப்பு திரும்பியது, தோள் சுழன்றது, எல்லாம் பாடப்படி. பந்து வேலியைத் தாண்டிப் போய் வண்டி நிறுத்துமிடத்தில் எதன்மேலோ விழுந்த சத்தம் கேட்டது.

சர்வீஸுக்கு இன்னொரு வாய்ப்பு பாக்கி இருந்தது. மனைவி அருகே வந்தார். "கெஞ்சிக் கேக்கறேன். கீழ இருந்தே மெதுவாப் போடுங்க, விதியில இடம் இருக்கு. உள்ள விழுந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

"கீழ இருந்தா? இத்தனை மாசம் உடம்பைத் தயார் பண்ணது அதுக்கா?"

இரண்டாவது பந்து வலைவரைக்கும்கூடப் போகவில்லை.

ஆட்டம் எதிரணிக்கு என்று அறிவிக்க வேண்டியவன் நான். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, வலையைப் பார்த்து அறிவித்தேன். பயில்வானோ நேரே என்னிடம் வந்து, "முதல் பந்தோட வேகத்தைப் பாத்தீங்களா சார்?" என்றார் பூரிப்போடு.

மறுவாரம் வேலியோரம் மீண்டும் ரப்பர் பட்டை. "அடுத்த வருஷம் பாரும்மா, இடுப்பும் வந்துடும்."

"நிதானமா வரட்டுங்க. அடுத்த வருஷம் மருந்துக்கடைக்காரரோட ஆடறேன்னு சொல்லிட்டேன்."

"அந்த ஆளா? அவருக்குத் தோளே கிடையாதே!"

"ஆமா. ஆனா பந்து உள்ள விழுது."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் மட்டையையே தொட்டதில்லை என்பீர்கள். ஒழுகுகிற குழாயோ, ஆடுகிற அலமாரியோ, "எப்படியாவது செஞ்சு குடுங்க, போதும்" என்று வீட்டில் கேட்டபோது, "இரு, எதையும் அடிப்படையில இருந்து சரியா ஆரம்பிக்கணும்" என்று நீங்கள் சொன்னதே இல்லையா? அதற்குச் சண்டை வந்துகொண்டிருக்கிறவரை பயமில்லை. "சரிங்க, மெதுவாப் பண்ணுங்க" என்று சிரித்த முகத்தோடு பதில் வந்துவிட்டதா? வேறு ஆள் பார்த்தாகிவிட்டது.