இரண்டாம் நபர் கட்டணம்

"அந்த நாற்காலி யாருக்குங்க?" என்று தலைமையாசிரியை கேட்டபோது, எக்ஸ்ரே அக்காவின் வாய் நிறைய ரொட்டி இருந்தது.

கப்பல் கிளம்பி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களுக்கு ஒதுக்கிய வட்ட மேஜையில் ஆறு நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்திருந்ததோ மூன்று பேர். மீதி மூன்றில் இரண்டு நாற்காலிகளுக்கு ஏற்கெனவே விளக்கம் வந்துவிட்டது.

"என் மனைவிக்குக் கூட்டம்னாலே ஆகாது. அறையிலேயே சாப்பிட்டுக்கறேன்னுட்டா" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். கப்பல் கடையில் மனைவிக்காக வாங்கிய மஞ்சள் தொப்பி அவர் மடியில் இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் சீட்டுக்கட்டைப் பார்த்தா சோறு தண்ணி மறந்துடுவார். மேல்தளத்துல உட்கார்ந்துட்டார்" என்றாள் தலைமையாசிரியை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாலும் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. "உங்க பக்கத்துல இருக்கறது?"

அந்த நாற்காலிக்கு அக்கா காசு கட்டியிருந்தாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஒருத்தரா போனாலும் ரெண்டு பேர் காசும்மா. அறைங்கறது ரெண்டு பேருக்குத்தானே" என்று சொல்லியிருந்தாள் டிராவல்ஸ் பெண்.

"நான் ஒரு ஆள் சாப்பாடுதானேம்மா சாப்பிடப் போறேன்?"

"ரெண்டு ஆள் சாப்பாடும் சாப்பிடுங்க, யார் வேண்டாம்னா?"

"கட்டில்ல ஒரு ஓரமா படுத்துக்கறேன்."

"யாரையாவது கூட்டிட்டு வாங்களேன். அதே காசுல அவங்களும் வரலாம்."

கூட வர அண்ணி தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அண்ணியிடமிருந்து எட்டு நாள் தப்பிப்பதற்குத்தான் இந்தப் பயணமே. அண்ணன் வீட்டுக் கூடத்தில் மடக்குக் கட்டிலில் படுத்து எழுந்தே அக்காவுக்கு ஐம்பத்துநான்கு வயது ஆகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணி அவளைக் காட்டி, "பாவம், தனியாவே இருந்துட்டா" என்பாள். வந்தவர்களும் தலையைச் சாய்த்து ஒரு "பாவம்" போட்டுவிட்டுக் காப்பியைக் குடிப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஈயச் சுவருக்குப் பின்னால் நின்று, "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்த அக்கா, தான் ஒரு முறையாவது மூச்சு விட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சொந்தமாக ஓர் அறையும், எட்டு நாளைக்கு யாரும் பாவம் பார்க்காத வாழ்க்கையும் போதும். நாலு வருடச் சேமிப்பை உடைத்துக் கட்டினாள். ரசீதில் தனி வரியாகவே போட்டிருந்தார்கள்: இரண்டாம் நபர் கட்டணம்.

இப்போது "யாருமில்லை" என்று சொன்னால் போதும். தலைமையாசிரியையின் உதட்டில் "பா" வரைக்கும் தயாராக நின்றது. அக்கா ரொட்டியை விழுங்கினாள்.

"அவருக்குக் கொஞ்சம் தலைசுத்தல். படுத்திருக்கார்."

"ஐயோ பாவம்!"

அந்தப் பாவம் முதல் முறையாக வேறு ஆளுக்குப் போனது. அக்காவுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், இன்னொரு ரொட்டி எடுத்துக்கொண்டாள். காசு கட்டிய ஆள்தானே, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும்!

மறுநாள் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு பொட்டலம் இஞ்சி மிட்டாய் நீட்டினார். "என் மனைவி கொடுத்தனுப்பினா. உங்க வீட்டுக்காரரை வாயில அடக்கிக்கச் சொன்னா."

தலைமையாசிரியை அதோடு விடவில்லை. நரைமீசைப் பரிமாறுபவரைக் கூப்பிட்டு, அறைக்கு சூப் அனுப்பச் சொன்னாள். அவர் மூடி போட்ட கிண்ணத்தோடு அக்காவின் அறை வாசல் வரைக்கும் வந்தார். சாப்பிட்டது செரிக்கும் முன்பே அக்கா, இல்லாத கணவரின் சூப்பையும் குடித்துத் தீர்த்தாள்.

மூன்றாம் நாள், "கப்பல் டாக்டரை அனுப்பட்டுமா?" என்று தலைமையாசிரியை கிளம்பவே, வேறு வழியில்லாமல் அக்கா அந்தக் கணவரைக் குணப்படுத்திவிட்டாள்.

"எழுந்துட்டாரு. மேல்தளத்துல நடந்துட்டிருக்காரு."

"அப்ப இங்க சாப்பிட வரலாமே?"

"அவருக்கு ஆறு மணிக்கே சாப்பிட்டாகணும்."

தப்பித்தோம் என்று நினைத்தாள். நான்காம் நாள் தலைமையாசிரியை உட்காரும்போதே முகமெல்லாம் பல்லாக இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் நேத்து உங்க வீட்டுக்காரரைப் பார்த்தாராமே!"

அக்காவின் கரண்டி தட்டில் விழுந்தது. "எ... எப்படி அடையாளம்?"

"நீலச் சட்டை, லேசா வழுக்கை. ரொம்பத் தன்மையான மனுஷராம். உங்களைப் பத்தித்தான் ஒரே பெருமையாம்."

யாரோ ஒரு வழுக்கை எதற்கோ தலையாட்டியிருக்கிறது, பேச்சை மாற்றிவிட வேண்டும் என்று புத்தி சொன்னது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "என்ன சொன்னாராம்?"

"என் பெண்டாட்டிக்கு இருக்கற பொறுமை யாருக்கும் வராதுன்னாராம்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் பற்றி யாரும் எங்கேயும் பெருமையாகப் பேசியதில்லை. பொய் என்று தெரிந்தும் நெஞ்சுக்குள் இதமாக இருந்தது. மறுநாள் காலையில் தலையை நன்றாக வாரிக்கொண்டு, மேல்தளத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாள். நீலச் சட்டை தெரிந்த இடத்திலெல்லாம் கொஞ்சம் மெதுவாக நடந்தாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில்தான் குடி முழுகியது.

"தப்பா நினைக்காதீங்க, மனசுல வெச்சுக்க முடியல" என்று ஆரம்பித்தாள் தலைமையாசிரியை. "உங்க வீட்டுக்காரர் நீச்சல் குளத்துப் பக்கம் ஒரு அம்மாகூட ரொம்ப நேரம் சிரிச்சுப் பேசிட்டிருந்தாராம். எங்க வீட்டுக்காரர்தான் பார்த்தாராம். மஞ்சள் தொப்பி போட்ட அம்மாவாம்."

அக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஆளே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வந்த கோபம் அசல் கோபம்.

"எனக்குன்னு வாய்ச்சதோட லட்சணத்தைப் பாருங்க!" என்றாள்.

கண்ணாடிக்கடைக்காரர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் மனைவிகிட்ட மஞ்சள் தொப்பி இருக்கு" என்றார் மெதுவாக.

தலைமையாசிரியை தண்ணீரைக் குடித்தாள். "மஞ்சளோ பச்சையோ... எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாது."

"அவ அறையை விட்டு வெளியவே வரமாட்டான்னு நினைச்சேன்" என்றார் அவர். கைத்துண்டை நாலாக மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவருடைய புட்டிங் அப்படியே இருந்தது.

ஆறாம் நாள் அவர் வரவில்லை. தலைமையாசிரியை வந்தாள், ஆனால் அவளுக்கே குரல் எழும்பவில்லை. ஏழாம் நாள் காலையில் அக்கா அவரைத் தூரத்தில் பார்த்தாள். மஞ்சள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகக் கம்பியோரம் நின்றிருந்தார். அந்த முகத்தை அக்காவால் தாங்க முடியவில்லை.

அடுத்தவர் உடம்புக்குள் இருக்கும் விரிசலை எல்லாம் படம் எடுத்துக் காட்டியவள், இப்போது ஒரு நல்ல குடும்பத்தில் விரிசல் விழ வைத்துவிட்டாள். ஒரு "பாவம்" கேட்கப் பயந்ததற்கு இவ்வளவு பெரிய பாவமா? இனி யார் எத்தனை பாவம் போட்டாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தாள். தனியாக இருப்பது ஒன்றும் குற்றமில்லை. பொய்தான் குற்றம். ஆனால் அந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை. அதனால் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கூடத்துக்குப் போனாள். நரைமீசைக்காரர் மட்டும் அவர்கள் மேஜையில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு சூப் கொண்டு வந்தீங்களே, அதை நான்தான் குடிச்சேன். எனக்கு வீட்டுக்காரரே கிடையாது. தனியாத்தான் வந்தேன்."

அவர் தட்டு அடுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இங்க எல்லாரும் ஜோடியா வந்தவங்க. நடுவுல நான் ஒருத்தி உட்கார்ந்து பொய் சொல்லி, அந்த மனுஷர் குடும்பத்தையே கலைச்சுட்டேன். அவர்கிட்டயும் டீச்சரம்மாகிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லிடுங்க. தனியா வந்தவங்களுக்குன்னு ஏதாவது மேஜை இருந்தா என்னை அங்க மாத்திடுங்க."

அவர் கையில் தட்டோடு அக்காவைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார்.

"இதுதாங்கம்மா அந்த மேஜை. நீங்க மூணு பேரும் தனியா வந்து ரெண்டு ரெண்டு பேருக்குக் காசு கட்டியிருக்கீங்க, அதனாலதான் நாற்காலி ஆறு போட்டிருக்கோம்."